பிலிப் அண்ணையின் மேல்வரிசைப் பல்

முதலிலேயே என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிரே இருக்கும் மனிதரின் இடது பக்கம் எனக்கு வலது பக்கமாகத் தெரியும். இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும். எனக்கு முப்பத்தொரு வயதில்தான் விளங்கியது. அதுவும் ஒரு மனிதரின் பல்லை அராவி முடித்த பிறகு.

அந்த மனிதர் பிலிப் அண்ணை. கரம்பொன் கரையில் தொழில் செய்தவர். எங்கள் பக்கத்தில் வெறுமனே ‘தொழில்’ என்றால் அது கடல்தான். வாத்தியார் வேலைக்குக்கூட ‘உத்தியோகம்’ என்ற வேறு சொல் இருக்கிறது. என்னுடைய வேலைக்கு எந்தச் சொல்லும் இருக்கவில்லை.

அன்று பிலிப் அண்ணை எங்கள் இடத்துக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். வாய்க்குள் நாங்கள் கட்டிக்கொடுத்த மேல்வரிசைப் பல். கையில் ஒரு முழம் நைலோன் நூல். அதை வாயின் இடது ஓரத்தில் கொடுத்துக் கடித்தார். வழுக்கியது. இன்னொரு தரம் கடித்தார். வழுக்கியது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நூலை வலது ஓரத்துக்கு மாற்றிக் கடித்தார். டிக்கென்று அறுந்தது.

“தம்பி, நீர் வெட்டினது நல்ல வடிவாய்த்தான் இருக்கு,” என்றார். “ஆனா நான் அந்தப் பக்கத்தாலை கடிக்கிறேல்லை.”

பல்லுக்கடை

ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில், இறங்குதுறையைப் பார்த்தபடி இருந்த ஓர் அறை அது. பெயர்ப்பலகை கிடையாது. ஊர் அதைப் பல்லுக்கடை என்றது. சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் ஒரு பல் டொக்டர் வருவார். பல் இல்லாதவர்களின் வாயில் அச்செடுத்துத் தந்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் போய்விடுவார். மிச்சமெல்லாம் எங்கள் வேலை. எங்கள் என்றால் றெஜினாவும் நானும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு பகிடி. தேத்தண்ணிக்கடைச் சுவரில் ஒரு ஒற்றைத் தாள் ஒட்டியிருந்தது. ‘நுணுக்கமாகவும் பிழையின்றியும் கைவேலை செய்யக்கூடிய ஒருவர் தேவை.’ அதை வாசித்துவிட்டு, நுணுக்கமும் பிழையின்மையும் எனக்கு உண்டு என்று நான் எப்படி நம்பினேன் என்பது இன்றுவரைக்கும் விளங்கவில்லை. அதற்கு முன் நான் செய்த ஒரே கைவேலை சைக்கிள் ஒட்டுப்போடுவது. ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் எப்போதும் ஓட்டை இருக்கும்.

றெஜினா என்னைவிட இரண்டு வயது இளையவர். யாழ்ப்பாணத்தில் ஐந்தாறு வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு, இடம்பெயர்ந்து போன தாய் தகப்பன் ஊருக்குத் திரும்பியபோது கூடவே திரும்பியவர். அவர்தான் என்னை நேர்முகம் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார்.

“சேர்ட்டிலை பொத்தான் ஒண்டு மாறிப் போட்டிருக்கிறீர்,” என்றார்.

“தெரியும்,” என்றேன். தெரியாது.

“தெரிஞ்சுகொண்டே போட்டனீரோ?”

வேறு யாரும் வரவில்லை. ஆட்கள் இருந்தால்தானே வருவதற்கு? அந்த வருடங்களில் தீவுப்பகுதியில் வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, மதில்கள் இருந்தன. ஆட்கள்தான் குறைவு. அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

மயிரிழை

பல் கட்டுவதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அட்டையில் தைத்த சட்டைப் பொத்தான்போலப் பற்கள் கொழும்பிலிருந்து வரும். அச்சில் வெள்ளைச் சாந்து ஊற்றி, அந்த ஆளின் முரசை, அதாவது பல்லீறை, அப்படியே மாதிரியாக எடுக்க வேண்டும். அதன் மேல் மெழுகு. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். பிறகு பித்தளைப் பெட்டிக்குள் அடைத்து அவித்தால் மெழுகு உருகிப் போகும். அந்த இடத்தில் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து அமுக்கித் திரும்பவும் அவிக்க வேண்டும். மாவைக் குழைக்கிற தண்ணியின் மணம் மூக்கால் ஏறி நெற்றியில் குந்தியிருக்கும். வீட்டுக்குப் போனால் சோறும் அதே மணம் மணக்கும்.

இதில் ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் போதும், அந்த ஆள் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுவார். றெஜினா யன்னலோரம் நின்று, மேல் மாதிரிக்கும் கீழ் மாதிரிக்கும் இடையில் தட்டச்சுக் கார்பன் தாளைக் கொடுத்துக் கடிக்கவைத்துப் பார்ப்பார். எந்தப் பல்லில் நீலம் கூடப் படுகிறதோ அதில் இரண்டு தரம் அரம் ஓடும். திரும்பவும் கார்பன். திரும்பவும் அரம். இருபது தரம் செய்வார். அந்த நேரத்தில் நான் ஏதாவது பகிடி விட்டால், “வாயை மூடும், கை ஆடுது,” என்பார். என் வாயை மூடினால் அவருடைய கை ஏன் ஆடாது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆடாது.

நான் கட்டிய பல்லும் அவர் கையால்தான் வெளியே போகும். அது சட்டம்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருடம் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு தாய் தகப்பனைக் கண்டவுடன் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, படம் எடுக்க வேண்டும் என்று எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். புங்குடுதீவிலிருந்து வந்த ஒரு பெரியவர், “எனக்குச் சாப்பிடுறதுக்கு வேண்டாம், சிரிக்கிறதுக்கு மட்டும் நாலு பல்லுப் போட்டுவிடும்,” என்றார். மகன் விமானம் ஏறிய மறுநாள் அந்த நாலு பல்லையும் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“ஏன் ஐயா?”

“அவன் போயிட்டான்,” என்றார்.

சரி, பிலிப் அண்ணையிடம் வருகிறேன்.

நூல் கடிக்கிற பல்

பிலிப் அண்ணைக்கு அப்போது ஐம்பதுக்கு மேலே. ஏழு வயதிலிருந்து கிழிந்த வலை பொத்தியவர். வலை பொத்துகிறவருக்கு இரண்டு கையும் வலையில்தான் இருக்கும். நூலை அறுக்கக் கத்தி தேட மாட்டார், பல்லால் கடிப்பார். நாற்பது வருடம் ஒரே இடத்தில் நைலோன் நூல் ஓடினால் பல்லில் ஒரு வெட்டு விழும். எங்கள் கரையில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் அந்த வெட்டு இருக்கும். நூல் தானாகப் போய் அதற்குள் இருக்கும்.

றெஜினா கட்டிக்கொடுத்த மேல்வரிசை அவருக்கு அச்சுப்போலப் பொருந்தியது. ஒரே ஒரு குறை. அதில் பிழையே இல்லை. பல் எல்லாம் ஒரே சமம். நூல் வழுக்கிக்கொண்டு போனது.

“பிள்ளை, இதிலை ஒரு சின்ன வெட்டுப் போட்டுத் தா,” என்று றெஜினாவிடம் கேட்டார்.

“ஏலாது அண்ணை. வெட்டினா அந்த இடத்தாலை வெடிக்கும். என்ரை கையாலை பழுதான பல்லு வெளியிலை போகாது.”

“பழுதில்லைப் பிள்ளை, தொழிலுக்கு.”

“கத்தி ஒண்டு வாங்குங்கோ.”

அவர் முகம் விழுந்துபோனது. எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனம் என்று நினைத்துவிடாதீர்கள். றெஜினாவுக்குத் தெரியாமல் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டோம் என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்ளும் ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலை, றெஜினா கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரம், பிலிப் அண்ணையை வரச் சொன்னேன். அவர் தன் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். ‘இடது’ என்று மனதில் எழுதிக்கொண்டேன். பல்லைக் கழற்றி, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி மேசையில் வைத்தேன். என்னுடைய இடது பக்கத்தை அராவினேன்.

மிச்சத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். பிலிப் அண்ணை வாய்க்குள் விரலை விட்டு மற்றப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “அப்ப மற்றப் பக்கத்தையும் வெட்டும். ஒரு பக்கம் களைச்சா மற்றப் பக்கம்,” என்றார். வெட்டினேன். இரண்டு பக்கத்தாலும் நூலைக் கடித்துக் கடித்துக் காட்டினார். நிலமெல்லாம் நூல் துண்டு. போகும்போது வாசலில் நின்று, “ஒருத்தருக்கும் சொல்லாதையும். நானும் சொல்லமாட்டன்,” என்றார். சொல்லவே மாட்டார். கட்டுப்பல் விஷயத்தில் அவருக்கு அப்படியொரு கூச்சம். படுக்கும்போதும் கழற்றுவதில்லை. பெண்சாதி சிசிலியா அக்காவே அவர் அந்தப் பல்லைக் கழற்றிப் பார்த்ததில்லை.

ஆனால் றெஜினா ஒரு நாள் மீன் சந்தையில் அவர் நூல் கடிப்பதைக் கண்டுவிட்டார். எனக்கு இரண்டு நாள் பூசை, விசரன், பைத்தியம் என்று.

“உலகத்திலை இப்பிடி ரெண்டு பக்கமும் வெட்டின செற் வேறை ஒண்டும் இராது,” என்றார் கடைசியில். “எங்கை கண்டாலும் இது எந்த விசரன்ரை வேலை எண்டு தெரியும்.”

சுவரைப் பார்த்த வாய்கள்

திரும்பவும் சண்டை தொடங்கி, கொழும்புக்குப் போகிற பாதை பூட்டியது. திறந்திருந்த காலத்தை எல்லோரும் கனவுபோலப் பேசத் தொடங்கினார்கள். பல் அட்டை வரவில்லை. இளஞ்சிவப்பு மா வரவில்லை. வெள்ளைச் சாந்தைக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் இது என்ன மா என்று கேட்டார்கள். ஒருமுறை என் பையைத் திறந்த ஆமிப் பெடியன் உள்ளே ஒரு முழுச் செற் பல் சிரிப்பதைக் கண்டு இரண்டடி பின்னால் துள்ளினான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் சிரிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

எங்கள் அறையில் சுவர் முழுக்க ஒரு தட்டு. யாருக்குப் பல் கட்டினாலும் அவருடைய சாந்து மாதிரியை எறிவதில்லை. உடைந்தால் திரும்பக் கட்ட வேண்டுமே. அடியில் பென்சிலால் பெயர். வெள்ளை வெள்ளையாய், வாயைத் திறந்தபடி, நூற்றைம்பது பேருக்கு மேலே இருந்தார்கள்.

அதில் றெஜினா ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராவது செத்துப் போனதாகச் செய்தி வந்தால், அவருடைய மாதிரியை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். முந்தி மாதத்துக்கு ஒன்று திரும்பும், முதுமையால். பாதை பூட்டிய பிறகு, சில கிழமைகளில் நான் காலையில் வந்து பார்க்கும்போது இரண்டு மூன்று திரும்பியிருக்கும். அல்லைப்பிட்டிப் பக்கத்துப் பெயர்கள் ஒரே நாளில் திரும்பியதும் உண்டு. அன்று கார்பன் தாளை வைத்துக்கொண்டு அவர் யன்னலோரம் நின்றார். பல்லைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார். என்னிடம் பகிடி ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு மார்கழியில் பிலிப் அண்ணை கடலுக்குப் போனார். கடற்படைக்குப் பாஸ் காட்டி, விடியப் போய் மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டிய காலம் அது. மத்தியானம் வந்தது. அவர் வரவில்லை. வள்ளமும் வரவில்லை. காற்றா, வேறு ஏதுமா, ஒருவருக்கும் தெரியாது. கேட்கக்கூடிய இடமெல்லாம் சிசிலியா அக்கா கேட்டார். கேட்கப் பயப்படுகிற இடங்களிலும் கேட்டார்.

பிலிப் அண்ணையின் மாதிரி நடுத்தட்டில் இருந்தது. முகம் வெளியே பார்த்தபடி. றெஜினா அதைத் துடைப்பார், வைப்பார். திருப்ப மாட்டார்.

ஜாம் போத்தல்

பத்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை சிசிலியா அக்கா பல்லுக்கடைக்கு வந்தார். றெஜினா மா வாங்க யாழ்ப்பாணம் போயிருந்தார். நான் தனியே.

சிசிலியா அக்கா கதிரையில் இருக்கவில்லை. சீலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே துணியில் சுற்றி ஏதோ இருந்தது.

“நெடுந்தீவிலை போன வருசம் கடைசியிலை ஒரு பிரேதம் கரைக்கு வந்ததாம்,” என்றார். “ஆளை அடையாளம் தெரியேல்லையாம். எழுதிறதெல்லாம் எழுதிப்போட்டு அங்கையே தாட்டுப்போட்டினம். வாயிலை பொய்ப்பல்லு இருந்ததாம். ஆராவது தேடி வருவினம் எண்டு ஒரு மனுசி எடுத்து வைச்சிருந்திருக்கிறா. இப்பத்தான் ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டவ.”

நெடுந்தீவிலிருந்து எங்கள் பக்கத்துக் குறிகட்டுவான் துறைக்கு வள்ளத்தில் ஒரு மணித்தியாலம். அந்தப் போத்தல் வந்துசேரப் பத்து மாதம் எடுத்திருந்தது.

“நீங்கள் பாத்தனீங்களோ அக்கா?”

“நான் திறக்கேல்லை.” கையைப் போத்தலிலிருந்து எடுத்துவிட்டார். “தம்பி, வாற வெள்ளிக்கிழமை ஆத்துமாக்கள் திருநாள். பாதர் பேர் வாசிப்பார். கோயில் ஒற்றையிலை ஒரு பக்கம் உசிரோடை இருக்கிற ஆக்கள், நோயாளியள், காணாமப் போனவை. மற்றப் பக்கம் செத்த ஆக்கள். பத்து மாசமா இவரின்ரை பேர் முதல் பக்கத்திலை கிடக்கு. பாதர் போன கிழமை மெதுவாக் கேட்டார், மாத்துவமோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? உமக்குத்தான் தெரியும். நீர் பாத்துச் சொல்லும்.”

நான் யன்னலோரம் போனேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போத்தலைத் திறந்தேன். துணியை விரித்தேன்.

உப்புப் பிடித்திருந்தது. இளஞ்சிவப்பு வெளிறிப் போயிருந்தது. பல் ஒன்றும் விழவில்லை. இரண்டு பக்கமும், கோரைப்பல்லுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வெட்டு.

எந்த விசரனின் வேலை என்று தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். சிசிலியா அக்கா என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. செபமாக இருக்கும். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

“இது எங்கட வேலை இல்லை அக்கா,” என்றேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்துக் கையை எடுத்தபோது, அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் இதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

“பாவம், வேறை ஆரின்ரையோ மனுசன்,” என்றார். “தம்பி, இதைத் திருப்பி நெடுந்தீவுக்கு அனுப்பிவிடும். இதுக்கு உரியவள் தேடிக்கொண்டிருப்பாள்.”

கருவாடு

அன்று பின்னேரமே ஒரு பாசல் வந்தது. சிசிலியா அக்கா கொடுத்துவிட்ட பாரைக் கருவாடு. வேண்டாம் என்று திருப்பி அனுப்ப ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. என்னிடம் இருந்த ஒரே காரணம் உண்மை. ஆகவே வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை குழம்பு வைத்தேன். நல்லாயிருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போத்தலை மேசை லாச்சிக்குள், கார்பன் தாளுக்கு அடியில் ஒளித்தேன். நுணுக்கமும் பிழையின்மையும் உள்ள ஒருவர் வேறு எங்காவது ஒளித்திருப்பார். ஒரு நாளைக்கு இருபது தரம் றெஜினா கார்பன் தாளைத்தான் எடுப்பார்.

யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு போட்டதால் றெஜினா வியாழக்கிழமை காலைதான் வந்தார். பையை வைத்தார். கையைக் கழுவினார். லாச்சியைத் திறந்தார்.

நான் ஏதோ அரத்தைத் தேடுவதுபோலக் கீழே குனிந்தேன். துணி விரிகிற சத்தம். பிறகு தட்டடிக்குப் போகிற காலடி. நிமிர்ந்து பார்த்தேன். றெஜினா பிலிப் அண்ணையின் மாதிரியை ஒரு கையிலும், அந்தப் பல்லை மறு கையிலும் வைத்திருந்தார். உப்பை விரலால் தட்டினார். மாதிரியின் மேல் பல்லை வைத்து மெதுவாய் அமர்த்தினார்.

பொருந்தும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் எங்கள் அறையில் நல்ல நாள். அன்றும் வந்தது.

“சிசிலியா அக்கா வந்தவவோ?”

“ஓம்.”

“என்ன சொன்னீர்?”

“எங்கட வேலை இல்லை எண்டனான்.”

றெஜினா பல்லைக் கழற்றித் துணியில் சுற்றினார். போத்தலுக்குள் வைத்து மூடியைத் திருகி என் முன்னால் வைத்தார்.

“எங்கட வேலை இல்லைத்தான்,” என்றார். “உம்மட வேலை.”

“றெஜினா, அந்த மனுசி பத்து மாசத்துக்குப் பிறகு...”

“நாளைக்குத் திருநாள். எல்லாரும் சுடலையிலை மெழுகுதிரி கொளுத்துவினம். அவ வீட்டிலை இருப்பா, மனுசன் உசிரோடை எண்டு. நீர் சொன்னதாலை.”

“சந்தோசமா இருக்கட்டுமன்.”

“எத்தினை நாளைக்கு?”

றெஜினா மாதிரியைத் தட்டில் கொண்டுபோய் வைத்தார். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கொஞ்சநேரம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கரம்பொன்

சைக்கிளில் போனேன். போத்தல் சேர்ட்டுக்குள் வயிற்றோடு கிடந்து குளிர்ந்தது. வழியில் சுடலையில் ஆட்கள் புல் செருக்கினார்கள், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருவர் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். அப்போது போத்தல் நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். நான் நேராகச் செய்த ஒரே வேலை அதுதான்.

சிசிலியா அக்கா முற்றத்தில், வேம்புக்குக் கீழே வலை விரித்து வைத்துப் பொத்திக்கொண்டிருந்தார். பிலிப் அண்ணையின் வலை. பத்து மாதமாய் முகட்டில் கிடந்ததை இறக்கியிருந்தார். என்னைக் கண்டவுடன் முகம் மலர்ந்தது.

“வாரும் தம்பி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரும். கருவாடு எப்பிடி? உப்புக் கூடவோ?”

“இல்லை அக்கா.”

“இந்த வலையைப் பாரும், எலி தின்னாத இடம் இல்லை. அவர் வந்து கண்டாரெண்டா என்னைத்தான் தின்னுவார்.”

கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். எதையும் சுருக்கமாய்ச் சொல்ல எனக்குத் தெரியாது என்பது இதுவரை இதைப் படித்தவர்களுக்குத் தெரியும். பல்லை வெட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கினேன். றெஜினா பாட்டுப் பாடப் போனதைச் சொன்னேன். இடது வலது பிழைத்ததைச் சொன்னேன். இரண்டாவது வெட்டைச் சொன்னேன். நிலமெல்லாம் நூல் துண்டு கிடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை நான் சொன்னது பொய் என்பதைச் சொல்வதற்கு முன்னமே, அவர் கையிலிருந்த வலை மடியில் இறங்கியிருந்தது.

போத்தலை நீட்டினேன். இந்த முறை அவரே திறந்தார். பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மடியில் கிடந்த நூலின் நுனியை எடுத்து, இடது பக்கத்து வெட்டில் வைத்தார். நூல் தானாகப் போய் உள்ளே இருந்தது. பிறகு வலது பக்கத்தில் வைத்தார். அதிலும் இருந்தது.

“ரெண்டு பக்கத்தாலையும் கடிப்பார்,” என்றார். “நான் நினைச்சனான், அவரின்ரை கெட்டித்தனம் எண்டு.”

கோழி ஒன்று வலைக்குள் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. அவர் குனிந்து அதன் காலை எடுத்துவிட்டார். பல்லைத் துணியில் சுற்றினார். போத்தலுக்குள் வைக்கவில்லை, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஊசியில் நூலைக் கோத்தார். பிறகு, இனி எதற்கு அந்த வலை என்று நினைத்தாரோ என்னவோ, நூலை உருவிவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். போகவும் ஏலவில்லை, இருக்கவும் ஏலவில்லை.

“அக்கா, நான் விசரன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் இப்ப என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்கோ, செய்யிறன்.”

சிசிலியா அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போற வழியிலை பாதரிட்டைச் சொல்லும், பேரை மற்றப் பக்கம் எழுதச் சொல்லி.”